பழைய லேப்டாப், கடைக்காரர் 500 ரூபாய்க்கு வேர்டு போட்டுத் தருகிறாராம், போடலாமா?

தாமிரபரணிக்கரை | வியாழன் இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா போன வாரம் ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார், 14,000 ரூபாய், 4 ஜிபி ரேம், உள்ளே விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது, வேர்டு இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் 500 ரூபாய் கொடும்மா, ஆபீஸ் முழுவதும் போட்டுத் தருகிறேன், ஆயுசுக்கும் ஓடும் என்கிறார். பெரியப்பா மகன் அதெல்லாம் வேண்டாம், லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள், காசே இல்லை என்கிறான். தோழி ஒன்றுமே போடாதே, கூகுள் டாக்ஸ் போதும் என்கிறாள்.

எனக்குத் தேவை இதுதான்: மாதம் இரண்டு மூன்று அசைன்மென்ட். அடுத்த பருவத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களின் வருமானம் பற்றி ஒரு ப்ராஜெக்ட் செய்கிறோம். கேள்வித்தாள் தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில். 60 பக்கம் வரும், அதில் பாதி அட்டவணைகள். வீட்டில் வைஃபை கிடையாது, கைப்பேசியிலிருந்துதான் நெட் எடுக்க வேண்டும். நாளை சாயங்காலத்துக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், கொஞ்சம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | இரவு 8.24

வேர்டு போட்டுவிடு தங்கச்சி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நான் பி.காம். முடித்து மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 6 வருடமாக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பதே வேர்டிலும் எக்ஸெலிலும் கை ஓடுகிறதா என்பதைத்தான். போன மாதம் ஒரு பையன் வந்தான், நல்ல மதிப்பெண், நன்றாகப் பேசினான். ஒரு கடிதத்தை 40 வாடிக்கையாளர் முகவரிக்கு எடுத்துத் தா என்றோம், ஒரே கடிதத்தில் முகவரிகளைத் தானாக நிரப்பித் தரும் மெயில் மெர்ஜ் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, உட்கார்ந்து ஒவ்வொரு முகவரியாகக் காப்பி பேஸ்ட் செய்துகொண்டிருந்தான். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. படிக்கும்போதே வேர்டில் பழகியிருந்தால் அந்த வேலை அவனுக்குக் கிடைத்திருக்கும். 500 ரூபாய்க்குப் பார்க்காதே. எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பனைமரம் | இரவு 8.41

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்கள் வகுப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சரி. எனக்கு ஆனது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இதே மாதிரி ஒரு கடையில்தான் போட்டேன். திருட்டு நகலை அசல் மாதிரி ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் என்ற நிரலை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை நிறுத்திவைத்தார், அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. 11 நாள் கழித்து ஒரு காலையில் லேப்டாப்பைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் ஒட்டியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை, திரையில் டாலரில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. இரண்டு பருவத்து ரெக்கார்ட், அக்கா கல்யாணப் படங்கள், செருகியிருந்த பென் டிரைவில் இருந்தது வரை எல்லாம் போனது. சாருக்கு மெயிலில் அனுப்பியிருந்ததால் 3 கோப்பு மட்டும் திரும்பக் கிடைத்தது. அக்கா இன்றைக்கும் அந்தப் படங்களைக் கேட்பாள்.

தங்கச்சி, அந்த 500 ரூபாயில் ஒரு காசுகூட வேர்டு செய்தவர்களுக்குப் போகாது. கடையில் போடுவது பெரும்பாலும் 2016 அல்லது 2019 ஆபீஸாகத்தான் இருக்கும். அந்த இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. ஆயுசுக்கும் ஓடும் என்று அவர் சொல்வதை நம்பாதே.

லிப்ரே ஆபீஸ் போடு. 2010-இல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள் அது, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. இறக்க 350 எம்பி அளவுக்கு வரும், ஒருமுறை இறக்கினால் போதும், அப்புறம் நெட்டே வேண்டாம். 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். அண்ணன் சொன்ன மெயில் மெர்ஜ் அதிலும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | இரவு 8.58

உங்களுக்கு நடந்தது கொடுமை தம்பி, அதை நான் மறுக்கவில்லை. கிராக் செய்த திருட்டு நகல் வேண்டாம் என்றால் காசு கொடுத்து வாங்கட்டும், வருடச் சந்தா சில ஆயிரம் வரும், முடியாது என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கி பிரவுசரில் வேர்டை இலவசமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் வேர்டை விட்டு வேறெங்கோ அனுப்பாதீர்கள். எங்கள் அலுவலகத்தில், பக்கத்து வங்கியில், கலெக்டர் ஆபீஸில், எங்கே போனாலும் திரையில் இருப்பது வேர்டு. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஊரில் யாரும் பேசாத மொழியை ஒரு பெண் கற்றுக்கொண்டு என்ன செய்வாள்?

நகலகம் | இரவு 9.15

நான் ஒரு கல்லூரி வாசலில் ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், 18 வருடமாகிறது. மார்ச் கடைசி வந்தால் இரவு 11 மணி வரைக்கும் கடை வாசலில் பிள்ளைகள் நிற்கும். உங்கள் எல்லோருடைய கோப்பும் கடைசியில் என் கையில்தான் வந்து விழுகிறது, அதனால் சொல்கிறேன்.

பென் டிரைவைக் கொடுத்து அண்ணா 5 காப்பி, ஸ்பைரல் போடுங்கள் என்பார்கள். திறந்தால் வீட்டில் 62 பக்கமாக இருந்தது என் கணினியில் 65 பக்கமாக நிற்கும். பொருளடக்கத்தில் மூன்றாம் அத்தியாயம் 27-ஆம் பக்கம் என்று இருக்கும், உள்ளே அது 29-இல் ஆரம்பிக்கும். அட்டவணையின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாகத் தொங்கும். மறுநாள் காலை 10 மணிக்கு வைவா. அந்தப் பிள்ளை என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டே பக்கம் பக்கமாகச் சரிசெய்யும், நானும் கூட உட்காருவேன். லிப்ரே ஆபீஸில் செய்தேன் என்று வருகிற கோப்புகளில் இது அதிகம். என் கடையில் அது கிடையாது, ஊரில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. அதனால் என் ஓட்டு வேர்டுக்கு.

பனைமரம் | இரவு 9.33

அண்ணே, நீங்கள் சொல்லும் 62, 65 கதை உண்மை, நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் மென்பொருள் இல்லை, எழுத்துரு, அதாவது ஃபாண்ட். எழுதிய கணினியில் இருக்கும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை என்றால் வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்காரும், அதன் எழுத்து அரை மயிரிழை அகலமாக இருந்தாலும் வரி உடையும், வரி உடைந்தால் பத்தி நீளும், பத்தி நீண்டால் பக்கம் நகரும். வேர்டிலிருந்து வேர்டுக்குப் போனாலும் இது நடக்கும். பழைய வேர்டில் நாம் மாற்றாவிட்டால் தானாக வரும் எழுத்துரு காலிப்ரி, 2023-க்குப் பிறகு ஆப்டோஸ் என்று மாற்றிவிட்டார்கள். புது வேர்டில் அப்படியே அடித்துக்கொண்டு வந்தால் உங்கள் பழைய வேர்டில் என்ன ஆகும், நீங்களே பாருங்கள்.

லிப்ரே ஆபீஸோடு லிபரேஷன் செரிஃப் என்று ஒரு எழுத்துரு வருகிறது. டைம்ஸ் நியூ ரோமனில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் செய்தது. காலிப்ரிக்கு இதே மாதிரி கார்லிட்டோ. டைம்ஸில் இருக்கிற அறிக்கையை டைம்ஸ் இல்லாத கணினியில் திறந்தாலும் வரி நகரக் கூடாது என்பதற்காகவே இதைச் செய்தார்கள்.

எதில் எழுதினாலும் கடைக்குக் கொண்டுபோவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். லிப்ரே ஆபீஸில் அதற்கென்று மேலேயே ஒரு பொத்தான் இருக்கிறது.

நகலகம் | இரவு 9.41

பிடிஎஃப் கொண்டுவந்தால் எனக்குச் சண்டையே இல்லை தம்பி. கோப்பைப் பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். ஆனால் கடைசி நிமிடத்தில் கைடு பெயரில் ஒரு இனிஷியல் தப்பு என்று வருவார்கள், அப்போது பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இரண்டும் கொண்டுவர வேண்டும்.

ஆறங்குல_திரை | இரவு 9.50

லேப்டாப், ரேம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் லேப்டாப்பே இல்லாமல் படித்து முடித்தவன். கொல்லிமலைப் பக்கம் ஊர். 48 பக்க ப்ராஜெக்டை முழுவதும் கைப்பேசியில், கூகுள் டாக்ஸில் அடித்தேன். பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே போனால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் டாக்ஸ் ஆப்பில் அந்தக் கோப்பை ஆஃப்லைனில் வைத்துக்கொள்வேன், வீட்டில் இரவு அடிப்பேன், காலையில் பாறைக்குப் போனதும் தானாக மேலே ஏறிவிடும். கட்டைவிரல் வலிக்கும், ஆனால் ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை. நடுவில் ஒருநாள் கைப்பேசி கிணற்றுமேட்டில் விழுந்து திரை நொறுங்கிவிட்டது, அண்ணன் கைப்பேசியில் என் கணக்கைத் திறந்தேன், நிறுத்திய இடத்திலேயே இருந்தது.

தங்கச்சி, நீங்கள் நான்கு பேர். வேர்டு கோப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டால் ஒரு வாரத்தில் ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் புதுசு, கடைசி ஃபைனல் என்று ஏழு கோப்பு நிற்கும், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. டாக்ஸில் ஒரே கோப்பு, நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். நீ நெட் இல்லை என்கிறாய், எழுத்து மட்டும் என்றால் டாக்ஸ் இழுக்கிற டேட்டா மிகக் குறைவு. லிப்ரே ஆபீஸை ஒருமுறை இறக்கச் செலவாகும் டேட்டாவில் நான் பல வாரம் ஓட்டியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | இரவு 10.02

தம்பி, நீங்கள் செய்தது பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உங்களிடம் வேறு வழி இல்லை, இந்தப் பெண்ணிடம் லேப்டாப் இருக்கிறது. 30 அட்டவணையைக் கைப்பேசியில் போடச் சொல்வது நியாயமா? ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அட்டவணைப் பட்டியல் எடுத்து, நடுவில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்கள் தானாக மாற வேண்டும். வேர்டில் வலது சொடுக்கு, கேப்ஷன், முடிந்தது. டாக்ஸில் அந்தப் பட்டியலைக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது, நான் ஒருமுறை முயற்சி செய்து விட்டுவிட்டேன்.

வகுப்பறை12 | இரவு 10.20

நான் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் 12 ஆண்டாகப் பாடம் நடத்துகிறேன், வருடத்துக்கு 8, 10 ப்ராஜெக்டுக்குக் கைடாக இருக்கிறேன். இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று. உன் கல்லூரி உனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறதா என்று பாரம்மா. கல்லூரி மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்திருந்தால் அந்த முகவரியை வைத்து பிரவுசரில் ஓடும் வேர்டும் எக்ஸெலும் மாணவர்களுக்கு இலவசம். எங்கள் கல்லூரியில் சேர்க்கையின்போதே கொடுக்கிறோம், மூன்று வருடமும் ஒருமுறைகூடத் திறக்காமல் போகிற பிள்ளைகள் ஏராளம். அப்புறம், புது லேப்டாப் வாங்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், பெட்டியில் ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, உங்கள் சொந்த மின்னஞ்சலில் சீக்கிரம் பதிந்துவிடுங்கள். என் மாணவி ஒருத்திக்குக் கடையிலேயே யாருடைய மின்னஞ்சலிலோ பதிந்து கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் விண்டோஸைத் திரும்பப் போட்டபோது கடவுச்சொல் கேட்டது, அவளிடம் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை, வாங்கிய ஆபீஸ் கையை விட்டுப் போனது.

இரண்டாவது. பனைமரம், கட்டற்ற மென்பொருள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் கொள்கையை நிலைநாட்ட இரண்டாம் ஆண்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தக் கூடாது. நான் திருத்தம் போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புவேன், அவள் அதைச் சரிசெய்து திரும்ப அனுப்ப வேண்டும், இப்படி ஐந்தாறு முறை போய் வரும். என் துறையில் இருக்கும் ஒரே கணினியில் வேர்டுதான் இருக்கிறது. லிப்ரே ஆபீஸின் சொந்தக் கோப்பு வகையான ஓடிடி வந்தால் பக்கத்து அறைச் சார் எனக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் உண்மையில் என்னை வாட்டுவது மென்பொருளே இல்லை. என்னிடம் வரும் ப்ராஜெக்டில் பத்தி முடிவும் இடைவெளியும் தெரியும்படி அந்தக் குறிப் பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் புள்ளி. தலைப்பு நடுவில் வர 34 முறை ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள். புது அத்தியாயம் அடுத்த பக்கத்தில் வர 17 முறை என்டர். பொருளடக்கத்தைப் புள்ளி வைத்துப் புள்ளி வைத்துக் கையால் அடித்திருப்பார்கள். நான் நடுவில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னால் அந்த வீடு முழுவதும் சரியும். நகலகம் அண்ணன் கடையில் அழுவது இதனாலும்தான். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்துத் தட்டினால் புதுப் பக்கம். தலைப்புக்கு ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2 என்று ஸ்டைல் கொடுத்தால் பொருளடக்கம் தானே வரும், பக்கம் மாறினால் ஒரு சொடுக்கில் புதுப்பித்துக்கொள்ளலாம். வேர்டு, லிப்ரே ஆபீஸ், டாக்ஸ் மூன்றிலும் இது உண்டு. முதலில் இதைப் படிக்கட்டும், அரை மணி நேர வேலை.

பனைமரம் | இரவு 10.37

மேடம், நீங்கள் சொன்ன ஸ்டைல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஓடிடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிப்ரே ஆபீஸில் எழுதினால் ஓடிடியில்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை. அமைப்பில் ஒருமுறை எப்போதும் வேர்டின் கோப்பு வகையான டாக்எக்ஸ் ஆகச் சேமி என்று மாற்றிவிட்டால் உங்களுக்கு வருவது டாக்எக்ஸ்தான், ஓரக் குறிப்பும் திருத்தமும் போய் வரும். என் ப்ராஜெக்டை என் கைடு நான்கு முறை திருத்தினார், அது வேர்டில் எழுதியதில்லை என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கொள்கை என்று சொன்னீர்கள், ஆமாம், எனக்குக் கொள்கை இருக்கிறது. ஓடிடி 2006-இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமாக ஆனது, டாக்எக்ஸ் அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். ஒரு பெண் பீடித் தொழிலாளர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த விவரம் 20 வருடம் கழித்தும் திறக்க வேண்டும், சந்தா கட்டினால்தான் திருத்தலாம் என்ற நிலை வரக் கூடாது. அப்புறம், இது எங்கிருந்தோ வந்த பொருள் என்று கணக்குப்பிள்ளை அண்ணன் நினைக்கிறார். சென்னையில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் லிப்ரே ஆபீஸ்தான் இருக்கிறது, அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் பாஸ் வந்தது, நம் பிள்ளைகள் கைக்கு இது ஏற்கெனவே வந்த ஒன்று. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற மாநில அரசு 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது.

கணக்குப்பிள்ளை | இரவு 10.49

ஜெர்மனியில் மாற்றினால் நல்லதுதான். ஆனால் இந்தப் பெண் வேலை தேடப்போவது திருநெல்வேலியிலும் மதுரையிலும். இலவச மடிக்கணினியில் பாஸ் வந்தது உண்மை, எங்கள் தெருவில் அதை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள், எல்லோரும் விண்டோஸுக்குள்தான் போனார்கள். நேர்முகத்தில் வேர்டைத் திறந்து கொடுப்போம், மேலே வரிசையாக இருக்கும் பொத்தான்களில் எது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் எங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பனைமரம் | இரவு 10.55

லிப்ரே ஆபீஸிலும் பொத்தான்களை அதே மாதிரி தாவல் தாவலாக மாற்றிவைக்கலாம் அண்ணே, வியூ பட்டியலில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு வரும் பையனுக்குக் குறை என்ன, மெயில் மெர்ஜ் என்ற வேலையே தெரியாதது. அவனிடம் வேர்டு இருந்தது, இருந்தும் தெரியவில்லை.

சுவடி | இரவு 11.08

தாமிரபரணி, உன் கேள்வித்தாள் தமிழில் என்றாய், அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நான் எம்.ஏ. தமிழ் முடித்து ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன், இதில் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் தமிழை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில் மட்டும் அடி. கடையில் கொடுத்து அடித்தால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். அது பார்வைக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கேள்வி முழுவதும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். டாக்ஸில் ஒட்டினாலும் அதே கதிதான். என் எம்.ஏ. ஆய்வேட்டை அப்படித்தான் அடித்துவிட்டேன், 110 பக்கம், இப்போது அதிலிருந்து ஒரு மேற்கோளை எடுக்க வேண்டுமானால் மாற்றிப்பொறியில் போட்டு, கொம்பும் காலும் இடம் மாறியதை ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறேன். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஏற்றுகிறார்கள், அவற்றில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேட்டுக்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. அவ்வளவு உழைப்பும் கண்ணால் மட்டும் படிக்கக்கூடிய படமாகக் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே ஆறாது.

விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது, ஒரு வாரம் பழகினால் கை ஓடும். டாக்ஸை குரோமில் திறந்தால் பேசினால் தட்டச்சாகும் வசதி தமிழுக்கும் உண்டு, களத்திலிருந்து வந்து அன்றைக்கு அந்தப் பெண்கள் சொன்னதை நீ வாய்விட்டுச் சொன்னாலே எழுதிக்கொள்ளும், பிழைகளை மட்டும் அப்புறம் திருத்திக்கொள்.

லிப்ரே ஆபீஸில் ஒரு இடத்தில் தடுக்கும். தமிழ் அங்கே சிக்கலான எழுத்து வகையில் வருகிறது. ஸ்டைலில் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்குத் தனி, தமிழுக்குத் தனி. ஆங்கிலப் பக்கத்தில் 12-ஐ 14 ஆக்கிவிட்டுத் தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று நான் ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

நகலகம் | இரவு 11.20

தம்பி சுவடி, கடையில் அடிப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். என் கடையில் இருக்கும் அக்கா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், பழைய விசைப்பலகையில் பார்க்காமல் மணிக்கு 8 பக்கம் அடிப்பார். யூனிகோடில் அடியுங்கள் என்று நான் சொன்னாலும் பேராசிரியர்களே இந்த எழுத்துருதான் வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். கல்யாணப் பத்திரிகை, மலர் எல்லாம் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறோம், அதன் 7-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்குப் பிறகு அடுத்த பெரிய பதிப்பே வரவில்லை. அந்தக் கணினி நின்றால் 18 வருட வேலையும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பனைமரம் 20 வருடம் கழித்துத் திறக்க வேண்டும் என்று எழுதியதைப் படித்தபோது என் கடை மூலையில் இருக்கும் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரே நாளில் மாற்ற முடியாது.

சுவடி | இரவு 11.27

அண்ணே, அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை, மன்னிக்கவும். எழுத்துருவின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்களே, அவர்கள் மேல்தான் என் வருத்தம் எல்லாம்.

தாமிரபரணிக்கரை | வெள்ளி இரவு 7.45

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுவதையும் இரண்டு முறை படித்தேன். பனைமரம் அண்ணா எழுதிய கல்யாணப் படங்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், அவரே கடைக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மேடம், எனக்கும் கல்லூரி மின்னஞ்சல் ஒன்று இருக்கிறது, சேர்ந்தபோது கொடுத்த தாளில் எழுதியிருக்கிறது, கடவுச்சொல் மறந்துபோனது, திங்கள்கிழமை மாற்றித் தருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். லிப்ரே ஆபீஸை லேபில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டேன். நான்கு பேரும் விவரங்களை டாக்ஸில் ஒரே கோப்பில் எழுதுவது, கடைசியில் நான் அதை இறக்கி ஸ்டைல் கொடுத்து அறிக்கையாக்குவது என்று பேசியிருக்கிறோம்.

இன்று கேள்வித்தாளைத் தமிழ் 99-இல் தேடித் தேடி அடித்தேன், 2 பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. லேபில் போய்த் திறந்தால் அது 3 பக்கமாக நிற்கிறது. நான் நோட்டோ செரிஃப் தமிழ் போட்டிருந்தேன், அங்கே விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவோ நிர்மலாவோ தெரியவில்லை, வேறு மாதிரி இருந்தது. இதற்கு என்ன செய்வது?

பனைமரம் | இரவு 7.58

கோப்புப் பட்டியலில் ப்ராபர்ட்டீஸ், அதில் ஃபாண்ட் என்ற தாவலில் எழுத்துருவைக் கோப்போடு சேர் என்று ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்துவிடு. கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. வேர்டிலும் சேமிப்பு அமைப்பில் இதே வசதி உண்டு. பிரிண்டுக்கு என்றால் நேராகப் பிடிஎஃப்.

கணக்குப்பிள்ளை | இரவு 8.06

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை தங்கச்சி, திங்கள்கிழமை கடவுச்சொல் வந்ததும் வேர்டையும் திற, தினம் கொஞ்ச நேரம். 40 கற்பனை முகவரி வைத்து ஒரு எக்ஸெல் கோப்பும் ஒரு கடிதமும் தயார் செய்து இங்கே போடுகிறேன். மெயில் மெர்ஜை லிப்ரே ஆபீஸில் ஒருமுறை செய்து பார், காலேஜ் லேபில் இருக்கும் வேர்டில் ஒருமுறை செய்து பார். எங்கே மாட்டிக்கொண்டாலும் கேள்.

தாமிரபரணிக்கரை | இரவு 8.30

செய்கிறேன் அண்ணா, போடுங்கள். எழுத்துருவைச் சேர்த்துவிட்டுத் தோழியின் கணினியில் திறந்து பார்த்தேன், 2 பக்கம்தான். பிடிஎஃப் எடுத்து 25 காப்பி போட்டாயிற்று, கோப்பையும் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலப்பாளையம் போகிறோம்.